பழுதைக் காட்டும் பெட்டி

அந்தக் கலியாண மண்டபத்தில் நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். மணப்பெண் வாசலில் நுழைகிறாள். தகப்பன் இடத்தில் நின்று மாமன் அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார். அந்த மாமன் எழுதிப் பாடிய பாட்டு மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் ஒலிக்க வேண்டும். ஒலித்தது ட்ரம் மட்டுந்தான். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல அவருடைய குரல். ஒரு சொல்கூட ஒருவருக்கும் விளங்கவில்லை. அதைப் பதிவு செய்து கொடுத்தவன் நான்.

நான் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஆறு வயதில், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வந்தவன். முந்தல் என்ற ஊரில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தேன். வீட்டின் பின்னறையில் ஒரு மைக், ஒரு கம்பியூட்டர், சுவரில் சாய்த்த இரண்டு பழைய மெத்தைகள். கடை விளம்பரம், நோன்புக்காலப் பாட்டு என்று வருவதையெல்லாம் அங்கே பதிவு செய்வேன். அண்ணன் என்று நான் கூப்பிடும் அந்த மாமன், சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்ததும் முந்தலில் இருந்த தங்கச்சியை, மணப்பெண்ணின் தாயை, தேடி வந்தவர். தங்கச்சியின் கணவர் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தார். அண்ணனுக்கு இறால் பண்ணையில் மோட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துவார். இரண்டு வருடமாக என்னிடம் வந்து பாடிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரலை நான் வேறு எங்கும் பதிவு செய்ததில்லை.

கலியாணம் முடிந்து இரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"தம்பி, என்ர குரல் எங்க போட்டுது?" என்று கேட்டார். காணாமல் போன சைக்கிளைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"மண்டபத்துக்காரன்ட செட் சரியில்ல அண்ணன்."

"அப்பிடியும் இருக்கலாம். ஆனா மற்றப் பாட்டெல்லாம் அதிலதானே வடிவாக் கேட்டது. வாங்கோ, தேடிப் பாப்பம்."

உண்மையாகவே தேடினோம். என் மேசையில் போட்டால் பாட்டு அருமையாக இருந்தது. சந்தியில் நின்ற முச்சக்கர வண்டியொன்றில், சீட்டுக்குப் பின்னால் பேஸ் பெட்டி பூட்டிய வண்டி அது, பென்டிரைவைப் போட்டோம். குரல் முங்கிப்போனது. கோயில் ஸ்பீக்கரிலும் அப்படித்தான். அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. என் மேசையில் இருந்தவை கம்பியூட்டரோடு வந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். அவற்றிலிருந்து கீழ்ச் சத்தம், அதாவது பேஸ், வரவே வராது. ட்ரம் போதவில்லை, போதவில்லை என்று நான் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். பெரிய பெட்டிக்குப் போனதும் அது வெள்ளமாகிவிட்டது.

"என்ட பிழைதான் அண்ணன்," என்றேன்.

"உங்கட பிழை பாதி, பெட்டின்ர பிழை பாதி. பெட்டியை மாத்துவம்."

நான் நெடுநாளாக ஸ்டூடியோ மொனிட்டர் வாங்கப் பணம் சேர்த்து வந்தேன். பதிவு செய்ததை அழகாக்காமல், உள்ளதை உள்ளபடி கேட்கச் செய்யும் ஸ்பீக்கர்கள் அவை. அடுத்த கிழமை அண்ணன் பண்ணையில் லீவு எடுத்துக்கொண்டு என்னோடு கொழும்புக்கு வந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே பஸ் தரிப்பில் வந்து நின்றார்.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள். விற்பனையாளர் நல்ல மனிதர், எங்களை இருத்திவிட்டு எட்டு அங்குல ஜோடி ஒன்றில் ஒரு பாட்டைப் போட்டார். கதிரை அதிர்ந்தது. இத்தனை நாள் கேட்காத கீழ்ச் சத்தமெல்லாம் நெஞ்சில் வந்து மோதியது. இதுதான், வேறு பார்க்கத் தேவையில்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். "இதில எங்கட பாட்டு இருக்கு. இதைப் போடுங்கோ."

"வீட்டுல ரெக்கோர்ட் பண்ணினதா? அதுல ஸ்பீக்கர்ட தரம் விளங்காது, அண்ணன்."

"நல்ல பாட்டை எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் பாடும். இது பழுதான பாட்டு. பழுதைச் சரியாக் காட்டுற பெட்டிதான் எங்களுக்குத் தேவை."

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே போட்டார். பாதியில் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு பெட்டியை மட்டும் பாட விடுங்கோ. மற்றதை நிப்பாட்டுங்கோ." பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டு, வலது காதைப் பெட்டிக்குக் கொடுத்து இருந்தார்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. "ரெண்டும் சேர்ந்து பாடினாத்தானே அண்ணன்..." என்று இழுத்தேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் தம்பி. இடது காது கடைசிச் சண்டையோட போட்டுது." பஸ் ஒன்றைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடியும் பாட்டைக் கேட்கத் தொடங்கினார்.

பதிவின்போது அவர் எப்போதும் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதைவிட்டுத் தள்ளி வைத்திருப்பார். பாடகர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, தங்கள் குரலை நேராகக் கேட்பதற்காக. அப்படித்தான் நினைத்தேன். பல பாட்டுகளில் கிற்றாரை இடது பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். அவருக்கு அது பேருக்குத்தான் கேட்டிருக்கும். அந்தப் பாதி இசையை வைத்துக்கொண்டு ஒரு சுரம் பிசகாமல் பாடியிருக்கிறார். கூட்டித் தாருங்கள் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

"இந்தப் பெரிசு சரிவராது," என்றார் அவர். "கேளுங்கோ, கீழ எந்த அடி விழுந்தாலும் ஒரே சத்தமா நிக்குது. பண்ணையில அச்சு தேஞ்ச மோட்டர் இப்பிடித்தான் முனகும். பாட்டில இல்லாத சத்தம் இது, பெட்டி தானாப் போடுறது."

நான் கண்ணை மூடிக் கேட்டேன். சரிதான். என் பழைய ஸ்பீக்கர்கள் கீழ்ச் சத்தத்தை மறைத்தன. இது அதைத் தானே உண்டாக்கியது. இதை நம்பி வேலை செய்திருந்தால் ட்ரம்மைக் குறைத்துக் குறைத்து, பாட்டுகளைச் சாரமில்லாமல் ஆக்கியிருப்பேன்.

விற்பனையாளர் இப்போது எங்களோடு சேர்ந்துவிட்டார். அறை எவ்வளவு பெரிது, மேசை சுவரோடு ஒட்டியிருக்குமா என்று கேட்டார். பத்துக்குப் பத்து, ஒட்டித்தான் இருக்கும் என்றேன். அப்படியானால் காற்றுத் துவாரம் முன்பக்கம் உள்ளது நல்லது, பின்பக்கம் இருந்தால் சுவரில் பட்டு முழங்கும் என்று ஐந்து அங்குலப் பெட்டிகள் மூன்றை இறக்கி வைத்தார். மூன்றிலும் அதே பழுதான பாட்டு. முதலாவதில் குரல் மினுங்கியது. இரண்டாவதில் மூக்கால் பாடுவதுபோல் இருந்தது. மூன்றாவதில் பாட்டு அசிங்கமாக இருந்தது. ட்ரம் ஊதிப் பெருத்து, குரல் பின்னால் ஒதுங்கி, மண்டபத்தில் கேட்ட அதே அலங்கோலம்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "இதுதான் தம்பி. இது ஆள் பொய் சொல்லாது."

எங்கள் பாட்டு எவ்வளவு மோசம் என்று கேட்டு இரண்டு பேரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்ததைக் கடைக்கு வந்த வேறொருவர் வேடிக்கை பார்த்தார்.

ஊருக்கு வந்து, கொங்கிரீட் கற்களின் மேல் ரப்பர் துண்டு வைத்து, பெட்டிகளைக் காது மட்டத்துக்கு உயர்த்தினோம். ஒரு காலை முழுக்க ட்ரம்மை இறக்கினேன், கிற்றாரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். குரல் முன்னால் வந்தது. வந்ததும் இன்னொன்றும் கேட்டது. கடைசி வரிக்கு முன் அவருடைய மூச்சு தடுமாறியிருந்தது.

"அதை வெட்டி எடுக்கலாம் அண்ணன்."

"வேண்டாம். திரும்பப் பாடுறன்."

கலியாணம் முடிந்துவிட்டது, இனி யாரும் அதைக் கேட்கப் போவதில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவர் மெத்தைகளுக்கு நடுவே நின்று, முதலிலிருந்து கடைசிவரை ஒரே முறையில் பாடி முடித்தார்.

அன்று பின்னேரம் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். நாங்கள் வந்த முச்சக்கர வண்டியிலேயே பாட்டைப் போட்டேன். தங்கச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வரி போனதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, இது மகளை நித்திரையாக்க அவளின்ர அப்பா முணுமுணுக்கிற மெட்டெல்லே?"

"ஓம்."

"அண்டைக்கு மண்டபத்தில எனக்கு விளங்கேல்ல."

அது காணாமல் போனவரின் மெட்டு என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பாட்டு முடியும்வரை தங்கச்சி வண்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மகளின்ர ஃபோனுக்கு இதை அனுப்பேலுமே தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அங்கேயே நின்று அனுப்பினேன்.