மேலவைத் தலைவரின் ஓட்டு

என் கணவர் ஒரு நாட்டின் மேலவைத் தலைவராக இருந்தார். அந்த நாடு கைப்பேசிக்குள் மட்டுமே இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் சிலர் விளையாட்டாகத் தொடங்கிய இணைய நாடாளுமன்றம் அது. கட்சி உண்டு, தேர்தல் உண்டு, மந்திரி பதவிக்கு அடிதடியும் உண்டு. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குழாய் ஒழுகினால் கேட்க நாதியில்லை. இவரோ இல்லாத நாட்டின் வடிகால் திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு அவரை நான் கடிந்து பேசுவதே இல்லை.

அதற்கு முன்பு அவருடையது பெரிய குரல். கப்பல் ஏஜெண்டு ஒருவரிடம் வேலை. துறைமுகத்து லாரிக்காரர்களோடு போனில் சண்டை பிடித்தால் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைச் சாத்திக்கொள்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. எந்த சீரியல் பார்ப்பது என்பதிலிருந்து எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாமே விவாதம்தான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் சொல்ல நினைத்ததைக் கைப்பேசியில் எழுதிக் காட்டுவார். எல்லோரும் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். சுங்கை பாக்காப்பில் இருக்கும் அவருடைய தங்கை வாழ்நாளெல்லாம் அண்ணனோடு மல்லுக்கு நின்றவள். அவளே, "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றாள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றும் வாங்கினோம். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டவர், அன்றைக்கே அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டார்.

இணைய நாடாளுமன்றத்தில் இது யாருக்கும் தெரியாது. அங்கே கூட்டம் நடப்பதெல்லாம் எழுத்தில். "தலைவரே, உங்க வாதம் பழைய பேப்பர்காரனுக்குத்தான் லாயக்கு" என்று எவனாவது எழுதுவான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பதில் தட்டுவார். அந்த நேரத்தில் மட்டும் பழைய மனிதர் மாதிரி இருப்பார்.

பிறகு கூட்டம் குறையத் தொடங்கியது. ஐந்தாறு பேர் எழுதினார்கள். மற்றவர்கள் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே பிரதமராக இருந்தவன் பத்து காவான் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞன். அவன் குரல் பதிவு ஒன்றை அனுப்பினான்.

"தலைவரே, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு மலாய் ஸ்கூல்ல படிச்சவங்க லா. தமிழ் நல்லாப் பேசுவாங்க, எழுதப் படிக்க வராது. நீங்க எழுதுறத யாரு படிக்கிறது? அவங்களுக்கும் சீட் இருக்குல்ல?"

அவன் கொண்டுவந்த மசோதா இதுதான்: மேலவையைக் கலைத்துவிட்டு ஒரே அவையாக்குவது. ஞாயிறு மாலைகளில் குரல்வழிக் கூட்டம். வருகைப் பதிவும் வாக்கும் வாயால் சொன்னால்தான் செல்லும். மூன்று கூட்டம் தொடர்ந்து பேசாதவருக்குப் பதவி போகும்.

இவர் விடவில்லை. எழுத்து என்றால் மனிதன் யோசிப்பான், இரண்டாவது அவை இருந்தால்தான் அவசரச் சட்டத்துக்குக் கடிவாளம் இருக்கும் என்று தட்டித் தள்ளினார். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஒரு கல்லூரிப் பெண் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினாள்: "சேந்ததுலேர்ந்து நான் ஒரு வார்த்த பேசல தலைவரே. எழுத வராது. பேச விட்டாப் பேசுவேன்." அதை அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

மக்களவையில் மசோதா நிறைவேறியது. மேலவையில் வாக்குகள் சமமாக நின்றன. இனி தலைவரின் ஓட்டுதான். சமமாக நின்றால் உள்ளதை உள்ளபடி விடுவதே தலைவரின் மரபாம். எதிர்த்து வாக்களித்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

"விஷயத்தச் சொல்லிடுங்களேன். உங்களுக்கு மட்டும் எழுத விடுவாங்க" என்றேன்.

எழுதிக் காட்டினார்: "சொன்னா அப்புறம் எவனும் என்கூடச் சண்ட போட மாட்டான்."

அவர் திரும்பி உட்கார்ந்து, 'ஆதரவு' என்று தட்டிவிட்டார். உங்களுக்கென்ன பைத்தியமா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

முதல் குரல் கூட்டத்தின்போது கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒரே இரைச்சல். எவன் வீட்டிலோ குழந்தை அழுதது. அந்தக் கல்லூரிப் பெண் பேருந்துக் கட்டணம் பற்றித் திக்கித் திணறி ஆரம்பித்தாள். போகப் போகப் பிரதமரையே மடக்கிவிட்டாள். இவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். அது அவளுக்குக் கேட்டிருக்காது.

வருகைப் பதிவில் இவர் முறை வந்தது. "தலைவரே, மைக்க ஆன் பண்ணுங்க. இருக்கீங்களா?" விரல் பொத்தான்வரை போய் நின்றது. "மேலவையக் கலைச்ச கோவம் போல லா" என்று யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது கூட்டத்தோடு உறுப்பினர் பதவியும் போயிற்று. கோபம் தீர்ந்ததும் திரும்பி வரச்சொல்லிப் பிரதமர் செய்தி அனுப்பியிருந்தான். இவர் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியில் எதையோ எழுதி என் முன்னால் நீட்டினார். "மீன் கொழம்பு வாயில வைக்க முடியல. புளி போட்டியா, பச்சத் தண்ணிய ஊத்துனியா?"

அந்தக் குழம்பை அவர் இரண்டாம் முறையும் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன். பழையபடி சண்டைக்குக் கூப்பிடுகிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. பதிலுக்கு வாயெடுத்தேன். அவர் கழுத்துத் துளையை மறைத்துக் கட்டியிருந்த துணி மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சரிங்க, நாளைக்கு நல்லா வைக்கிறேன்" என்றேன்.

அவர் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.