புதன்கிழமைச் சாப்பாட்டுச் சீட்டு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அம்மாவின் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று என் மேசையை மூன்று தடவை துடைத்தேன். சங்ககிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய லாரி ஆபீஸ் எங்களுடையது. பெர்மிட், இன்சூரன்ஸ் என்று வண்டிகளின் பேப்பரெல்லாம் என் பொறுப்பு. "அவசரமாக ஊருக்குப் போகிறேன்" என்று முதலாளிக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, போனை அணைத்துப் போட்டு, பன்னிரண்டு நாள் வாழப்பாடியில் இருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா மேடம்? எட்டு வண்டி பேப்பரில்லாம நிக்குதுங்க."

அவ்வளவுதான். வேறு ஒரு ஜீவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஏன் சொல்ல வேண்டும்? கேட்டால்தானே சொல்வது! ஒன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவளின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? தினமும் வீட்டிலிருந்து கிளம்பி சூரமங்கலத்தில் பஸ் ஏறும்போதே எரிச்சலாக வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் உட்காரப் பிடிக்காமல் எழுந்து நிற்பேன்.

பெங்களூரில் வேலை செய்யும் என் தங்கை மகள் ஒருநாள் போனில் சொன்னாள், அவள் கம்பெனியில் வாரம் ஒருநாள் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். மறுநாள் காலையிலேயே முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"எதுக்குங்க மேடம் அதெல்லாம்? எல்லாரும் ஒண்ணாத்தான இருக்கறோம்?"

"ஒண்ணாத்தான் சார் இருக்கோம். ஒருத்தரைப் பத்தி ஒருத்தருக்கு ஒண்ணும் தெரியாது."

"செரி, செய்யுங்க. வண்டி மட்டும் நிக்கப்படாது."

எல்லார் நன்மைக்கும் என்றுதான் சொன்னேன். பொய். அம்மா போனதைப் பற்றி இந்த ஆபீசில் ஒரே ஒருத்தராவது என்னிடம் கேட்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போயிருந்தேன்.

சீட்டு எழுதியதில் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் ஆபீசில் யாருக்கும் பெயர் கிடையாது. எந்த ஊருக்குப் போகும் லாரிகளின் லைனைப் பார்க்கிறாரோ அந்த ஊர்தான் அவர் பெயர். கல்கத்தா, பாம்பே, டெல்லி. டயர் ரூம்காரர் டயர். நான் பேப்பர் மேடம். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருப்போம். இதெல்லாம் தெரிந்த நான், சம்பளப் பட்டியலைப் பார்த்து, இனிஷியலோடு முழுப்பெயரையும் முத்து முத்தாக எழுதிச் சீட்டுகளை மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

புதன்கிழமை மத்தியானம் எல்லாரையும் முன்ஹாலுக்குக் கூப்பிட்டேன். "மேடம் சுயம்வரம் வெச்சிருக்காங்க, தலை சீவிட்டு வாங்கப்பா" என்றார் பாம்பே. சிரிப்பும் கூத்துமாகச் சீட்டெடுத்தார்கள். பிரித்துப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இது யாருங்க?"

"நம்ம ஆபீஸ்தானுங்களா?"

டயர் எடுத்தது பாம்பேயின் பெயர். பாம்பேயிடமே காட்டி யாரென்று கேட்டார். அவர் நாக்பூரில் நின்றுபோன வண்டியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டே, சீட்டைப் பார்க்காமல் "தெரியலீங்க" என்று கையை விரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பக்கத்து அறைக்காரர், கல்கத்தா லைனைப் பார்ப்பவர், என்னிடம் வந்து சீட்டை நீட்டினார். "பட்டியல் உங்ககிட்டதான இருக்குது மேடம். இது யாருன்னு சொல்லுங்க."

என் பெயர்.

"நான்தாங்க!" என்றேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் தயிர்சாதத்தைத் தலைநிமிராமல் சாப்பிட்டார். நான் டிபன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இந்தக் கூத்து இன்றோடு சரி, நாளைக்கே டப்பாவைத் தூக்கி எறிகிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இந்தப் பேரு அன்னைக்கே தெரிஞ்சிருந்தாத் தேவலைங்க" என்றார்.

"என்னைக்கு?"

"நீங்க வராதப்ப. ரெண்டு நாளு போன் போட்டேன், சுவிட்ச் ஆப்னு வந்துது. ஞாயித்துக்கெழமை சூரமங்கலத்துக்கே வந்துட்டேனுங்க. ரெண்டு மூணு கடையில, லாரி ஆபீஸ் மேடம் ஊடு எதுங்கன்னு கேட்டேன். பேரு என்னன்னாங்க. பேப்பர் மேடம்னேன். சிரிச்சுப்போட்டாங்க. திரும்பிட்டேன்."

"முதலாளியைக் கேட்டா சொல்லியிருப்பாரே?"

"கூட வேலை செய்யறவங்க பேரு தெரியாதுன்னு எப்படிங்க கேக்கறது? வெக்கமாப் போச்சு."

"பேப்பருக்காக வந்தீங்களா?"

"பேப்பருக்கு யாருங்க அத்தனை தூரம் வருவாங்க?" என்று நிமிர்ந்து பார்த்தார். "போனை அணைச்சுப் போட்டு ஒருத்தர் வராம இருந்தா, ஊட்டுல ஏதோ ஆயிப்போச்சுன்னுதானுங்க. வந்த அன்னைக்கே கேக்கோணும்னுதான் எட்டிப் பாத்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம வண்டியைப் பத்திச் சொல்லிட்டேன்."

"அம்மா போயிட்டாங்க" என்றேன். அந்த ஆபீசில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவர் சாப்பாட்டை நகர்த்தி வைத்தார். எத்தனை வயசு, என்ன உடம்புக்கு, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதும் விடாமல் கேட்டேன்: "உங்களுக்கு மட்டும் தேடி வரணும்னு எப்படிங்க தோணுச்சு?"

"போன வருசம் ஆடியில என் சம்சாரம் தவறிட்டாங்க. பதினாறு நாளு நான் வரலீங்க. பாம்பேதான் என் லைனைப் பாத்துக்கிட்டாரு. ஆபீஸ்ல இருந்து ஒருத்தரும் வரல. குத்தமாச் சொல்லலீங்க மேடம். ஊடு தெரிஞ்சிருக்காது."

அந்த ஆடி எனக்கு நன்றாக நினைவிருந்தது. கல்கத்தா வண்டிகளின் பேப்பர் எதுவும் நேரத்துக்கு என் மேசைக்கு வரவில்லை. "கல்கத்தா எங்க போய்த் தொலைஞ்சுது?" என்று தினமும் கத்தினேன். ஒருநாள் பாம்பே என் மேசைக்கு வந்து, "அது வந்துங்க மேடம், அவரு ஊட்டுல..." என்று ஆரம்பித்தார். "சாக்குப்போக்கெல்லாம் எனக்கு வேண்டாம், பேப்பரை அனுப்பச் சொல்லுங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பியது நான்தான்.