குறை கேட்டு வந்தவர்கள்

மீராமுகைதீன் கல்முனைக்குடியில் ஒரு நெல் ஆலையில் இயந்திரம் ஓட்டினார். எண்பத்திரண்டாம் ஆண்டு மாரிக்காலம் தொடங்கியபோது வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார். காய்ச்சல் இல்லை. யாரோடும் சண்டையும் இல்லை.

வீடு, மனைவி சபூறாவுக்குச் சீதனமாக எழுதியது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குத்தான் போகிறான். அங்கே அவன் முகம் திருப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கொடுத்ததில் குறை.

"என்னில கோவமா?" என்றாள் சபூறா.

"இல்ல."

"என்ட உம்மா ஏதும் சொன்னாவா?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. ஒண்டுக்கும் மனம் வருகுதில்ல."

"காரணமில்லாம ஆரும் இப்பிடிக் கிடப்பாங்களா?"

காரணம் தெரிந்தால் அவரே எழுந்திருப்பார்.

ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போய்ப் பாயில் சரிந்தார். மாலைக்குள், கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று தெரு முழுக்கக் கதை. சபூறா அழுது முகம் வீங்கியிருந்தாள். திரும்பி வந்தார்.

மறுநாள் மாமனார் போய் மரைக்காயரைக் கூட்டி வந்தார். அவர்களுடைய குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, பள்ளிவாசலில் பொறுப்பானவர்; பிணக்குத் தீர்ப்பவர்.

"கூச்சப்படாமச் சொல்லுங்க தம்பி. காணியா?"

"ஒரு குறையுமில்ல காக்கா." மரைக்காயரை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"குறையில்லாதவன் சுவரோடயா கதைக்கிற?"

"மேட்டு வயலையும் எழுதித் தாறன் மகன்," என்றார் மாமனார்.

மீராமுகைதீன் எழுந்து உட்கார்ந்தார். "எஞ்சின் ஓடுது காக்கா. பெல்ட் கழண்டு கிடக்கு. மில் சுத்துதில்ல. அப்பிடித்தான் எனக்கும்."

"சரி, பெல்ட்டப் போட என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

கதவுச் சீலைக்குக் கீழே சபூறாவின் பாதங்கள் தெரிந்தன. தன்னை விட்டுப் போகிறாரா என்பதைத்தான் அவள் கேட்டு நிற்கிறாள். இனியும் பேசாமலிருந்தால் அதுவே பதிலாகிவிடும்.

"ஒரு ஃபேன்," என்றார். "அறை வெக்கையா இரிக்கி."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மாரியில வெக்கையாம்," என்று மரைக்காயர் சிரித்தார். "இதுக்கா மனிசா ஊரக் கூட்டின?"

மின்விசிறி வந்தது. சபூறா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "இப்ப சரிதானே?"

"ஓம்."

சட்டையைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனார். உள்ளே எதுவும் மாறவில்லை. ஆனால் கேட்டது கிடைத்த பிறகும் படுத்தால், வேண்டாதது சபூறாதான் என்றாகிவிடும். அதன் பிறகு வீட்டில் அவர் பகலில் படுத்ததேயில்லை. கலகலப்பான ஆள் என்றுகூடப் பிற்காலத்தில் சொன்னார்கள். ஆலையில் மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் இடம் வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால், கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.