மணிக்கூண்டில் அடிக்குரல்

லீவன் மாமா என் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். கென்ட் நகரத்து ஊதுகுழல்காரர்கள் மூவரில் அவர்தான் அடிக்குரல். நகரத்தார் கொடுத்த வெள்ளி வில்லை மார்பில் தொங்க, சாகும்வரை வாசித்தார். மற்ற இருவரும் மேலே ஓடி விளையாடுவார்கள். இவர் கீழே ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கல்யாண வீடுகளில் யாரும் இவரைக் காதில் வாங்கியதில்லை. வாங்கியது மகள் மெர்கிரீட் மட்டும்தான். தாயில்லாப் பெண். அவர் வீட்டில் வாசித்துப் பழகும்போது, பாத்திரம் துலக்கிக்கொண்டே மேல்குரலை அவள் பாடுவாள்.

கொள்ளைநோய் வந்த கோடையில் மாமா வெளியூர்க் கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தால், வாசலில் நோய் வீட்டுக்கு அடையாளமாக வைக்கோல் கட்டித் தொங்குகிறது. உள்ளே மெர்கிரீட்டும், அவளைப் பார்த்துக்கொள்ள வந்த கன்னியாஸ்திரியும். காவல்காரன் இவரைப் படியேற விடவில்லை.

எங்கள் வீடு எதிர்வீடு. மாமா அம்மாவிடம் வந்தார்.

"கத்தலைன், சாயங்காலம் மணிக்கூண்டுல ஏறி வாசிக்கிறேன். கேட்டா அவ பாடாம இருக்க மாட்டா. பாடினா உன் மாடி ஜன்னல்ல வெள்ளைத் துணி போடு. எனக்கு மேலேருந்து தெரியும்."

"மத்த ரெண்டு பேரும் வருவாங்களாண்ணா?"

"யோஸ் ஊரை விட்டே ஓடிட்டான். இன்னொருத்தன் போய்ச் சேர்ந்துட்டான்."

அன்று மாலை கூண்டிலிருந்து அடிக்குரல் மட்டும் வந்தது.

"எவன்டா அது, கன்னுக்குட்டியத் தொலைச்ச பசு மாதிரி கத்துறது?" என்றான் பீப்பாய் செய்யும் கில்லிஸ்.

"பாட்டுல எலும்பு மட்டும் வருது, சதையக் காணோமே," என்றாள் அவன் பெண்டாட்டி.

அம்மா சிரிக்கவில்லை. அடைத்த ஜன்னல் பலகைக்குப் பின்னாலிருந்து மெர்கிரீட்டின் குரல் மெல்லிசாக எழுந்து, அந்த எலும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. அம்மா மாடிக்கு ஓடித் துணியைப் போட்டாள்.

அப்புறம் தினமும் அப்படித்தான். குரல்தான் தேய்ந்துகொண்டே வந்தது. போகப் போக, ஒரு வரி பாடுவாள், இருமுவாள். அந்த ஒரு வரிக்கும் அம்மா துணி போட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா வாசித்தார். பலகைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கன்னியாஸ்திரி ஜன்னலை லேசாகத் திறந்து, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மூடினாள்.

அம்மா மாடியில் துணியோடு நின்றாள்.

"போட்டுடு கத்தலைன்," என்றான் கில்லிஸ் கீழேயிருந்து. "பாவம், இன்னிக்கு ஒரு ராத்திரி தூங்கட்டும்."

"நாளைக்கு என்னத்தப் போடுறது?"

துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

மேலே பாட்டு முடிந்தது. பிறகு மாமா முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிந்ததும் மறுபடி. இருட்டி, எங்கள் ஜன்னலே அவருக்குத் தெரியாமல் போன பிறகும் வாசித்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லித் தெருவில் யாரும் கத்தவில்லை.