டிட்டோ

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா இறந்த கொஞ்ச நாளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. குடியிருப்பவர்களின் பதிவேட்டைப் பெரிய கிளாக்கர் புதிதாகப் பிரதி பண்ணினார். அந்த மனுஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பதிவேட்டில் முதலில் ஆளின் பேர், பக்கத்தில் யாருடைய குடும்பம் என்ற விவரம். மேல் வரியில் உள்ளதே கீழேயும் வந்தால் கிளாக்கர் கை வலிக்க எழுதமாட்டார், ‘டிட்டோ’ போடுவார். பழைய பதிவேட்டில் அப்பாவின் வரிக்குக் கீழே அம்மா டிட்டோ, நான் டிட்டோ. புதியதில் செத்தவரின் வரியை விட்டுவிட்டு, எங்கள் டிட்டோக்களை மட்டும் அப்படியே இறக்கிவைத்தார். இப்போது மேலே இருந்தது லயத்து வரிசை அறைகளில் எங்களுக்கு அடுத்த காம்பராக்காரரின் குடும்பம். பொண்டாட்டியோடு ஒழுங்காக வாழ்ந்த அந்த மனுஷனுக்கு எங்கள் அம்மா இரண்டாந்தாரம் ஆகிவிட்டாள்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றாள்.

“புருஷன் பேரச் சொல்லு, மாத்துறேன்” என்றார் கிளாக்கர்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், அவன் செத்த பிறகும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் முந்திக்கொண்டு அப்பாவின் பேரைச் சொன்னேன்.

“ஒன்னயக் கேட்டனா? பொஞ்சாதி வாயால வரணும்.”

அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. “அப்ப டிட்டோவாவே இரு” என்று சிரித்தார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, “ஏ டிட்டோ!” என்று கூப்பிட்டார். அதோடு அம்மாவின் சொந்தப் பேர் போயிற்று. மலையில் டிட்டோ, பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் டிட்டோ. அடுத்த காம்பரா அக்கா அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அம்மா யாரிடமும் முறையிடவில்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நுவரெலியாவில், தோட்டங்களை நிர்வகித்த ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை. ஒருநாள் அதே கிளாக்கர் அதே பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் லயத்துப் பிள்ளையாக இருப்பாள் என்று அவர் புத்தியில் படுமா?

“டிட்டோவுக்கெல்லாம் முழுப் பேர் எழுதித் தாங்க சார்” என்றேன். அது வேலை முறை. கம்ப்யூட்டருக்கு மேல் வரியைப் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு வரியும் தன் காலில் நிற்கவேண்டும். வரிசை கலைந்தால் டிட்டோ எவர் தலையிலாவது போய் விடியும்.

“உள்ளத உள்ளபடி அடிங்க மிஸ். ஒங்களுக்கு எதுக்கு ஆராய்ச்சி?”

இவ்வளவு இனிப்பான சொல் அந்த வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. உள்ளதை உள்ளபடி அடித்தேன். அவர் எழுதிய வரிசையிலேயே ஒரு பிளாப்பியில் பிரதி எடுத்து, அதை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு அலுவலகம் கேட்டபடி பேர்களை எழுத்து வரிசைக்கு மாற்றி, அச்செடுத்தேன். பிழை பார்க்கத் தோட்டத்துக்கு அனுப்புமுன் ஒரு பார்வை பார்த்தேன். கிளாக்கரின் மனைவி, பக்கத்தில் டிட்டோ. அதற்கு மேல் வரியில், மாட்டுப்பட்டியில் வேலை செய்யும் ஒரு தனிக்கட்டை. தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

தாளைப் பெரட்டுக்களத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இளவட்டங்கள் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அந்த வாரமே கிளாக்கர் என் மேசைக்கு முன் வந்து குதித்தார்.

“கம்ப்யூட்டர் பிழ! எம் பொஞ்சாதிய மாட்டுப்பட்டிக்காரன் குடும்பத்துல போட்டிருக்கு!”

“பிழ இல்ல சார், நீங்க போட்ட டிட்டோ. மாத்தணும்னா ஒங்க வீட்டம்மாவ வரச் சொல்லுங்க. பொஞ்சாதி வாயால வரணும்.”

அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. அந்த முகத்துக்காக இன்னும் பத்துப் பதிவேடு அடித்திருப்பேன்.

லாச்சியில் இருந்த பிரதியைப் போட்டு, மேல் வரியை வைத்துக் கீழே நிரப்பியிருந்தால் ஒரு மத்தியானத்தில் அவர் மானம் திரும்பியிருக்கும். ஆனால் அம்மா அடுத்த காம்பராக் குடும்பத்திலேயே கிடந்திருப்பாள். அந்தப் பிழை கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே நடந்தது. மேலதிகாரியிடம் போனேன். பதிவேடே பிழை, டிட்டோ உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்டு எழுதினால்தான் நம்பலாம் என்றேன். அதில் பொய்யில்லை. போய்க் கேட்கவேண்டியவர் யார் என்பதையும் நானே சொன்னேன்.

லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

சாயங்கால மழையில் கிளாக்கர் குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினார். எங்கள் வாசலுக்கு வந்தபோது அடுத்த காம்பரா அக்கா உட்பட எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அப்போதுதான் மலையிலிருந்து வந்த அம்மா கூடையை இறக்காமலே நின்றாள்.

“ஒங்க... வீட்டுக்காரர் பேரு என்னங்க?” என்றார்.

நான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவரை நேராகப் பார்த்து, ஆயுசிலேயே உச்சரிக்காத அந்தப் பேரை, அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளாக்கர் குடையைக் கழுத்தில் இடுக்கிக் குனிந்து எழுதினார்.

அம்மா கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

“எழுதிட்டியா, டிட்டோ?”