நாற்பது அட்டையும் பழைய கட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஜக்கார்டு அட்டை குத்திக் கொடுப்பது என் தொழில். சேலைக் கரையில் மயில் எந்த இழையில் எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையிலுள்ள துளைகள்தான். ஒரு டிசைனுக்கு நானூறு அட்டை. நெசவாளிக்கு ஒரு கட்டு போகும். அது கெட்டால் உதவ இன்னொரு கட்டு என் பரணில் இருக்கும்.

பரணோ கையகலம். அட்டைகளை நூலில் கோத்துத் தரும் என் மனைவி, எதுவானாலும் முழுக் கட்டாகவே நகல் எடுத்து வையுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே! மயிலின் கழுத்தை மட்டும் மாற்றியதற்கு நானூறையும் மறுபடி குத்த எனக்கென்ன பைத்தியமா என்று எரிந்து விழுந்தேன். நெசவாளிக்கு முழுக் கட்டு கொடுத்துவிட்டு, பரணுக்கு மாறிய நாற்பதை மட்டும் குத்திக் கட்டி, மேலே ஒரு சீட்டு செருகினேன்: 'மீதிக்குப் பழைய மயில் கட்டைப் பார்.' இடமும் மிச்சம், வேலையும் மிச்சம் என்று ஏகப்பட்ட பெருமை எனக்கு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பரணை ஒழித்தேன். பழைய மயிலை யாரும் நெய்வதில்லை. டிசைன் வரைந்த கிராஃப் காகிதமும் உள்ளே சுருட்டியிருந்த அந்தக் கட்டை அப்படியே சாயப் பட்டறை அடுப்புக்குக் கொடுத்துவிட்டேன். சீட்டு நினைவுக்கே வரவில்லை.

ஐப்பசி மழையில் முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் ஈர மூட்டையோடு வந்தார். வெம்பாக்கத்தில் தங்கை சாவுக்குப் போய்த் திரும்பினால், கூரை ஒழுகி, தறிமேல் இருந்த புது மயில் அட்டை கூழாகிக் கிடந்ததாம். மூன்று சேலைக்கு முதலாளி தந்த பாவு நூலில் ஒரு சேலைதான் முடிந்திருந்தது. மூன்றும் ஒரே கல்யாணத்துக்கு. உடனே தொடராவிட்டால் முதலாளி பாவை அறுத்துக்கொண்டு போய்விடுவார், இனி வேலையும் தரமாட்டார்.

தைரியமாகப் பரணேறிக் கட்டை இறக்கினேன். மேலே என் கையெழுத்தில் அந்தச் சீட்டு; மீதி முந்நூற்று அறுபதும் சாயப் பட்டறை அடுப்பில் எரிந்து போயிருந்தது. நெய்த சேலையைப் பார்த்து இழை எண்ணிக் குத்தப் பதினைந்து நாளாவது வேண்டும். உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"எங்க கூரை ஒழுகும்னு எனக்குத் தெரியும்ங்க," என்றார். "உங்ககிட்ட இன்னொரு கட்டு இருக்குதுன்ற தெகிரியத்துலதான் அங்க ரெண்டு நாளு உக்காந்துகினு இருந்தேன்."

முதலாளி பாவை அறுத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் கெஞ்சி அந்த ஒரு சேலையை வாங்கி வந்து, இழை எண்ணி, முழுக் கட்டாகவே இரண்டு குத்தினேன். பதினாறாம் நாள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முள்ளிப்பட்டு போனேன். தறி இருந்த இடத்தில் ஆடு கட்டியிருந்தார்கள்.