பகவதி டீச்சரின் மூன்றரை மணி நேரம்

புதன்கிழமை பூஜை முடித்து எழுந்தபோது கார்டு வந்தது. நாகர்கோவிலிலிருந்து பகவதி டீச்சரின் அண்ணா நாலு வரி எழுதியிருந்தார். டீச்சர் போய்விட்டார், தகனமும் ஆகிவிட்டதாம். அவரிடம் ரசாயனம் படித்த நீங்கள் முன்னமே அறிந்திருப்பீர்கள். நான் வலியசாலையில் அவருக்கு மாடியை வாடகைக்கு விட்டவள், அவ்வளவுதான். ஆனால் என் அகத்துக்காரர் காலமானபிறகு என் வீட்டில் கேட்ட பேச்சுச் சத்தம் டீச்சருடையதுதான்.

அவருக்குத் தசை தளரும் நோய். இமை தானே சரியும், நாக்கு குழறும். ஒரு மாத்திரை போட்டால் முக்கால் மணியில் இமை நிமிரும். மூன்றரை மணி நேரம் நிற்கும். அதற்குள்தான் உங்கள் வகுப்பு. பேச்சு நின்றால் வேலையும் போகும் என்று பயந்தார்.

நரம்பு தசைக்கு அனுப்பும் சரக்கை ஒரு என்ஸைம் அழித்துவிடுமாம். மாத்திரை அந்த என்ஸைமைத் தடுக்குமாம். எப்படி என்று கேட்டேன். கோயிலில் பாயசம் வாங்க நின்றுகொண்டிருந்தோம்.

"பாயசம் வெளம்புகவன்தான் என்ஸைம்னு வைங்க. அவன் முன்னால எலையில்லாத ஒருத்தன் வந்து நின்னா தடசல். எலைக்காரங்க கூட்டமா வந்தா அவனைத் தள்ளிட்டு வாங்கிருவாங்க, வேகம் பழையபடி ஆயிரும். பின்னால நின்னு வெளம்புகவன் கையைப் புடிச்சா? எத்தனை பேரு வந்தாலும் வேகம் ஏறாது. கையையே ஒடிச்சுட்டா பூச்சிமருந்து மாதிரி. புது ஆளுதான் வரணும். நம்ம மாத்திரை முதல் ஆளு, கொஞ்சம் நின்னுட்டுப் போயிருவான்."

"பாயசத்தை வெச்சா பாடம்? பகவான் கோவிச்சுப்பார்."

"அவரு வரிசையில நிக்கல்லியே மாமி!"

மாத்திரை போட்ட நேரம், இமை நிமிர்ந்த நேரம், சரிந்த நேரம் எல்லாம் நான் நோட்டில் குறித்து வந்தேன். குறித்தேனே தவிரப் படிக்கவில்லை. பரீட்சைத்தாள் திருத்தும் சமயம், ஒரு மத்தியானம் டீச்சர் துவண்டுவிட்டார். மருந்து போதவில்லை என்று இன்னொன்று கொடுத்தேன். அரைமணியில் எச்சில் ஒழுகிற்று, வேர்த்துக் கொட்டிற்று, தலை நிற்கவில்லை. மூன்றாவதை எடுத்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"என் கண்ணில்லையா, வாயைத் திறங்கோ" என்று கெஞ்சினேன். அவர் விரலால் தரையில் சிந்திய தண்ணீரைத் தொட்டு எழுதினார்: அதிகம்.

அப்போதுதான் நோட்டைப் பார்த்தேன். பத்து நாளாகத் தளர்ச்சி வந்ததெல்லாம் மாத்திரையின் வேகம் தீர்ந்தபின் அல்ல; போட்ட ஒரு மணிக்குள். டாக்டர் வந்து மாத்திரையை முறிக்கும் ஊசி போட்டார். மறுநாள் டீச்சர் சொன்னார்: "என்ஸைமைத் தடுத்தா போதும் மாமி, அடியோட அடைச்சிரக்கூடாது. சரக்கு குமிஞ்சாலும் தசை மரத்துப் போவும்." என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கோடை விடுமுறையில் அண்ணா வந்து அழைத்துப் போனார். அங்கே மாத்திரை கொடுப்பவருக்கு இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று விட்டுவிட்டேன். எதனால் போனார் என்று கார்டில் இல்லை. கேட்டு எழுதத் துணிவுமில்லை.

பிரியம் பொங்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது, இது டீச்சர் எனக்கு வைத்துவிட்டுப் போனது. நன்றாகவே வருகிறது. பக்கத்தில் ஆள்தான் இல்லை.